மோட்டாரை நிறுத்தும் பெட்டி



பாகூர், வில்லியனூர் பக்கம் நெல்லும் கரும்பும் பெரும்பாலும் குழாய்க் கிணற்றை நம்பித்தான் நிற்கின்றன. 2019-ல் பி.எம். குசும் திட்டம் தொடங்கியபின் சோலார் பம்புசெட் பற்றி உங்களுக்குத் தெரியும். அதில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு டிரைவ் என்று பெயர். கரன்ட் அளவு மீறினால் அது தானே நின்றுவிடும். பல பெட்டிகளில் 'ஓ.சி.' என்று எழுத்துக் காட்டும்.

பயிர் வாடுதே என்று ரீசெட் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், காயில் கருகிவிடும். எப்போது நின்றது என்று கவனியுங்கள். போட்டவுடனே நின்றால், கேபிள் ஜாயின்டில் தண்ணீர் புகுந்திருக்கலாம், காயில் போயிருக்கலாம், அல்லது மணல் ஏறி பம்பு இறுகியிருக்கலாம். ஓடி ஓடி நின்றால் பேரிங் தேய்ந்திருக்கும், அல்லது மணல் உராயும். 'போன வாரம்தானே போர் கழுவினேன்' என்பீர்கள். தண்ணீர் தெளியுமுன் பம்பை இறக்கினால் மணல் வரத்தானே செய்யும்?

பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெட்டியை அணைத்தாலும், வெயில் உள்ளவரை பேனலில் மின்சாரம் உண்டு. பேனல் சுவிட்சையும் பிரித்து, பத்து நிமிஷம் பொறுத்துத்தான் மூடியைத் திறக்கவேண்டும். இதில் அவசரம் உயிருக்கு ஆபத்து.

மோட்டார் வயர் மூன்றையும் கழற்றி, மூடியை மூடிப் பெட்டியை ஓட்டிப் பார்க்கட்டும். அப்போதும் ஓ.சி. வந்தால் கோளாறு பெட்டியில்; வராவிட்டால் அநேகமாகக் கிணற்றுக்குள். மறுபடி எல்லாம் அணைத்தபின், கழற்றிய வயரில் மட்டும் மெக்கர் வைக்கச் சொல்லுங்கள். பெட்டியோடு சேர்த்து வைத்தால் நல்ல பெட்டியும் போய்விடும்.

புது மோட்டார் மாற்றியவர்கள், தகட்டிலுள்ள ஆம்பியரைப் பெட்டியில் பதிந்தார்களா என்றும் கேளுங்கள். 5 எச்.பி. பெட்டியில் 7.5 எச்.பி. மோட்டாரை மாட்டினால் அது நிற்கத்தான் செய்யும்.