முதல் பில்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு ஊர் வ. புதுப்பட்டி. 'வ' என்றால் வத்திராயிருப்பு. விடுதியில் மூன்று புதுப்பட்டிக்காரர்கள் இருந்ததால் கடைசிவரை என்னை 'வானா' என்றே கூப்பிட்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ வாங்கி வருவேன். பையை இறக்கி வைப்பதற்குள் காலி. அந்தப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம விடுதிக்காரர்கள் அதற்கு முன்பே கொடுத்துவிட்டார்கள்.

சங்கத்தார் என்னை மெஸ் நிதி பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு முன் வடக்கம்பட்டியைப் பற்றிக் கொஞ்சம்.

மதுரை மாவட்டம், திருமங்கலம் பக்கத்துக் கிராமம் அது. வானம் பார்த்த பூமி. 1930களில் அந்த ஊர்க்காரர் ஒருவர் காரைக்குடிக்குப் போய், குலசாமி முனியாண்டியின் பேரில் அசைவ ஓட்டல் போட்டார். அவரைப் பார்த்து உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும் ஊர் ஊராகப் போய்க் கடை திறந்தார்கள். நாம் எல்லோரும் சாப்பிட்டிருக்கிற முனியாண்டி விலாஸ் இப்படி வந்ததுதான். தை மாதம் முதலாளிகள் ஊர் திரும்பி, ராத்திரி முழுக்க அண்டா அண்டாவாக மட்டன் பிரியாணி சமைத்து, விடியற்காலையில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தூக்குச்சட்டியோடு வந்து வீட்டுக்கும் வாங்கிப் போகிறார்கள். நீ யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தினமும் கடையில் விழுகிற முதல் பில் சாமிக்கு என்று தனியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். லாபம் வந்தால் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. முதலில் சாமி கணக்கு, பிறகுதான் கல்லா.

இப்போது நம்ம மெஸ்ஸுக்கு வருவோம். என் காலத்தில் டிவைடிங் சிஸ்டம். மாதாமாதம் தொகை ஏறி இறங்கும். வீட்டில் சொல்லிவைத்த பணம் ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. மூன்றாம் வருஷம் இரண்டு மாத பாக்கி. பெயரும் ரோல் நம்பரும் மெஸ் வாசல் போர்டில் ஏறியது. அதற்குப் பிறகு நான் அந்த வழியாகவே போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு அறையில் படுத்திருந்தேன். நான்காம் நாள் ராத்திரி அறைத்தோழன் தட்டு நிறையச் சோற்றோடு வந்து, "டேய் வானா, தெரியாம ரெண்டு பேருக்கு வாங்கிட்டேன், பாதி எடுத்துக்கடா" என்றான். பணம் வரும்வரை தினமும் அவனுக்குத் தெரியாமலே ரெண்டு பேருக்கு விழுந்தது. பின்னால் நான் கணக்குப் பேசப் போனபோது, "பால்கோவா தின்னதுக்கு நான் கணக்கு வச்சிருக்கேனா?" என்று கேட்டான். இன்று அவன் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்கச் சொன்னால் அடிப்பான்.

ஆகவே சங்கம் தயாரித்திருக்கிற மெஸ் நிதி விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வருமானச் சான்றிதழ், இரண்டு பேர் சிபாரிசு, பிறகு மேடையில் செக் வாங்குகிற போட்டோ. நல்ல எண்ணத்தில்தான் போட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தப் படிவம் இருந்திருந்தால் நான் பட்டினிதான் கிடந்திருப்பேன்.

பாக்கி எவ்வளவு என்ற மொத்தத் தொகையை மட்டும் வார்டன் சங்கத்துக்குச் சொல்லட்டும், நாம் கட்டிவிடுவோம். பெயர் வேண்டாம், போர்டும் வேண்டாம். ஏமாற்றுகிறவன் வருவானே என்று கேட்பீர்கள். வரட்டும். நம்ம மெஸ் சாம்பாரை ஏமாற்றிச் சாப்பிடுகிற அளவுக்கு ருசி கெட்டவனை நான் இன்னும் பார்க்கவில்லை!

வசூலுக்கும் வடக்கம்பட்டி வழிதான். வருஷத்துக்கு ஒருமுறை பெரிய தொகை என்றால் யாருக்கும் கை வராது. மாதச் சம்பளத்தில் முதல் ஒருமணி நேரத்துக் கூலி. அவரவர் சம்பளத்துக்கு அவரவர் கணக்கு. போன ஆவணியிலிருந்து நானும் என் செட்டில் பதினோரு பேரும் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பாஸ்புக்கை இப்போது பொருளாளர் அண்ணனிடம் கொடுக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு மெஸ்ஸில்தான் என்று சொன்னார்கள். பெரியவர்கள் தனி மேஜை கேட்காமல் தம்பி, தங்கைகளோடு கலந்து உட்காருங்கள். பால்கோவா ஐந்து கிலோ கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசைக்காரர்கள் சீக்கிரம் வந்துவிடுங்கள்.