சாஃப்ட்வேரை வாங்குறதுக்கு முன்னாடி நோட்டைப் படிங்க

இன்னிக்கு அப்பாயின்ட்மென்ட் புக்கிங் பத்திப் பேசலாம். இதுல நான் சொதப்பின கதையும் இருக்கு.

எங்க அக்கா பிசியோதெரபிஸ்ட். திங்கள், புதன், வெள்ளி கடலூர் மஞ்சக்குப்பத்துல. செவ்வாய், வியாழன், சனி சிதம்பரம் மேல வீதியில. ரெண்டு ஊருக்கும் ஒரே நீளமான நோட்டு. யார் போன் பண்ணாலும், கையில இருக்கற வேலையை விட்டுட்டு அக்காவே எழுதணும்.

"இதை ஆட்டோமேட் பண்ணிடலாம்க்கா"ன்னு நான்தான் ஆரம்பிச்சேன். ஒரே ராத்திரியில ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காட்டுமன்னார்கோயில்ல இருந்து ஒரு தாத்தா, முட்டி ஆபரேஷன் ஆனவர், பஸ் ஏறி சிதம்பரம் வந்துட்டார். அக்கா கடலூர்ல இருக்காங்க. லிங்க்ல முதல்ல வர்ற ஊர் கடலூர்; பேரன் அதைக் கவனிக்காம புக் பண்ணிட்டான். தாத்தாவுக்குப் போன மெசேஜ் முழுக்க இங்கிலீஷ். போன்ல அவர் திட்டவே இல்ல. "பரவால்லம்மா, எனக்குத்தான் படிக்கத் தெரியல"ன்னு சொன்னாராம். அக்கா அன்னிக்கு என்கிட்ட பேசல.

அப்புறம்தான் அந்தப் பழைய நோட்டை உட்கார்ந்து படிச்சேன். அதுல என்னென்ன இருந்துச்சு தெரியுமா?

வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரைக்கும் புது பேஷன்ட் யாருமே இல்ல. ராகு காலம்! சிகிச்சையை அந்த நேரத்துல தொடங்க மாட்டாங்க. இப்போ அது பழைய பேஷன்ட்டுக்கு மட்டும். ஆனியிலயும் மார்கழியிலயும் நடராஜர் தேர் வர்ற நாள்ல சிதம்பரம் பக்கம் காலி. நாலு வீதியிலயும் தேர் வரும்போது முட்டி வலிக்காரர் எப்படி வருவார்? அந்தத் தேதிகளை முன்னாடியே பிளாக் பண்ணிட்டோம். வடகிழக்குப் பருவமழை சமயத்துல மொத்த நாளையும் அடிச்சிட்டு வேற தேதி எழுதியிருந்தாங்க. அதனால, ஒரு நாளோட புக்கிங் எல்லாத்தையும் சேர்த்துத் தள்ளிப்போட வசதி இருக்கான்னு பார்த்தோம்.

எதை வாங்கறதுன்னு கேட்பீங்க. ஒரே ஆள், ஒரே இடம்னா கூகுள் காலண்டரோட புக்கிங் பக்கமே போதும்; ஒரு பக்கம் இலவசம். ஊழியர்கள் பல பேர், இடம் பலன்னா ஸோஹோ புக்கிங்ஸ், காலண்ட்லி மாதிரி இருக்கறதை டிரையல்ல போட்டுப் பாருங்க. டைம்ஸோன் இந்திய நேரத்துல இருக்கான்னு முதல்ல செக் பண்ணுங்க. ரெண்டு புக்கிங்குக்கு நடுவுல பத்து நிமிஷம் இடைவெளி விடுங்க.

ரிமைண்டர்லதான் செலவு ஒளிஞ்சிருக்கு. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் இலவசம்தான், ஆனா தானாவே ரிமைண்டர் போகணும்னா ஏபிஐ வேணும், அதுக்குக் காசு. எஸ்எம்எஸ்னா, டிராய் விதிப்படி அனுப்புற பேரையும் வாசகத்தையும் டிஎல்டியில பதிவு பண்ணணும். வாசகத்தைத் தமிழ்ல எழுதிப் பதிவு பண்ணுங்க. ஊர் பேர் முதல் வார்த்தையா வரட்டும்: "சிதம்பரம், செவ்வாய், காலை 11 மணி."

இன்னொண்ணு, போன் நம்பரை எடுத்துடாதீங்க. எங்க பேஷன்ட்ல பெரியவங்க இன்னமும் கூப்பிட்டுத்தான் கேட்கறாங்க. ரிசப்ஷன்ல இருக்கறவங்க அதே காலண்டர்ல போட்டுடுவாங்க. நோட்டு ஒண்ணு, ஆப் ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு வெச்சாதான் ஒரே நேரத்துக்கு ரெண்டு பேர் வந்து நிப்பாங்க.

அந்தத் தாத்தா இப்பவும் செவ்வாய்க்கிழமை வர்றார். மெசேஜை அவரே படிச்சுக்கறார்.

உங்க கடையில, கிளினிக்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.