கண்டெடுத்த பொருள்



திருக்குட நன்னீராட்டு விழா மேடையில் ஏறுவோர், குடமுழுக்கின் உட்பொருளையும் தலத்தின் பெருமையையும் விரித்துரைத்தல் வழக்கம். அவ்விரண்டையும் எனக்கு முன்னர்ப் பேசிய பெரியோர் குறைவறக் கூறிவிட்டனர். ஆதலின் யான் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். சிறியது என்றது பேச்சளவில்தான். உடைமையை இழந்து நிற்பவனுக்கு அது சிறியதன்று.

திருவிழாக் காலங்களில் பலரும் என்பால் வந்து கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஐயா, கூட்டத்திலே ஒரு மோதிரம் கிடந்தது, எடுத்தேன். யாருடையதென்று தெரியவில்லை. பிறர் பொருள் நமக்கெதற்கு என்று சுவாமி உண்டியலில் சேர்த்துவிட்டேன். சரிதானே?" என்பர். கேட்போர் நல்லவர், பிறர் பொருளை மடியில் முடிந்துகொள்ள மனம் ஒவ்வாதவர். என் வாயிலிருந்து அவர் எதிர்பார்ப்பது 'புண்ணியம்' என்னும் ஒரு சொல். அச்சொல்லை அவர்க்கு யான் இதுகாறும் தந்ததில்லை. காரணத்தை இன்று இவ்வவையில் கூற விழைகின்றேன்.

கிடக்கும் பொருளைக் கண்டும் எடாது நடந்துவிட்டவனை, அதனை ஏன் காக்கவில்லை என்று சட்டம் கேட்பதில்லை. எடுத்தானாயின், எடுத்த அக்கணமே கடமை பிறந்துவிடுகின்றது. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பிலே கொள்பவன், அடைக்கலப் பொருளைப் பெற்றவனுக்குரிய அதே பொறுப்பை உடையவன் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவில் வகுத்துள்ளது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டமேயாயினும் இன்றும் வழக்கிலிருப்பது. அதனை முதன்முதல் படித்தபோது என் நினைவில் எழுந்தவர் தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார்.

கதை நீவிர் அறிந்ததே. சிவயோகியார் திருவோடு ஒன்றனை அவரிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றார். மீண்டு வந்து கேட்டபோது ஓடு வைத்த இடத்தில் இல்லை. அதனினும் நல்லதொரு புதிய ஓடு தருகின்றேன் என்று நாயனார் இறைஞ்சினார். பொன்னால் செய்து தந்தாலும் வேண்டேன், யான் வைத்த ஓடே வேண்டும் என்றார் யோகியார். மண்ணோடு ஒன்று எத்தனை காசு பெறும்? ஆயினும் உடையவன் கேட்பது அந்தப் பொருளை. அதன் விலையை அன்று. மோதிரத்தை விற்று அன்னதானம் செய்துவிட்டேன் என்று என்னிடம் கூறியவரும் உளர். அவர்க்கு யான் சொல்லும் விடையும் இக்கதையேயாம்.

பழைய பூம்புகாரில் வெள்ளிடை மன்றம் என்று ஓரிடம் இருந்ததாகச் சிலப்பதிகாரம், இந்திரவிழவு ஊரெடுத்த காதையிலே பேசும். ஊருக்குப் புதியராய் வந்தோரின் பொதிகள் ஆங்குக் கிடக்கும். அவற்றின்மேல் உடையவர் பெயரும் குறியும் அளவும் பொறிக்கப்பட்டிருக்கும். கதவில்லை, தாழில்லை, காவலர் இல்லை. களவு செய்வார் உளராயின் அப்பொதியைத் தலையில் சுமந்து சுழல்வாரேயன்றி, கொண்டுபோதல் இயலாதாம். அம்மன்றத்தின் தெய்வத்தன்மையைப் பிறர் பேசுவர். என் கருத்தை ஈர்ப்பது பொதியின்மேல் இருந்த பெயர். ஊர் அறியாத அயலான் ஒருவனுடைய பெயர் அங்கே அவனுக்காகக் காத்துக் கிடந்தது. இன்று நம் கூட்டத்தில் விழும் மோதிரத்தில் பெயர் இராது. அஃதொன்றே வேறுபாடு.

பெயரில்லாத பொருளுக்கு உடையவனை எவ்வாறு காண்பது? யான் மடத்தில் மாணவனாக இருந்த 1960-களில் இதனைக் கண்ணாரக் கண்டேன். குருபூசைக் காலம். சத்திரத்துத் திண்ணையில் துணிமூட்டை ஒன்று கிடந்தது. எடுத்து வந்தவன் என் சாலை மாணாக்கன். ஆசிரியர் அதனைத் தனியே பிரித்தாரில்லை. சமையற்காரர் ஒருவரையும் கணக்கர் ஒருவரையும் அருகழைத்து, அவர்கள் முன்னிலையில் அவிழ்த்தார். ஒரு வேட்டி, ஒரு செம்பு, துண்டின் முனையில் முடிந்த 47 ரூபாய், ஒரு பெண்ணின் சாதகக் குறிப்பு. அனைத்தையும் தாளில் எழுதி மூவரும் ஒப்பமிட்டனர். பிறகு மீண்டும் கட்டி வைத்து, "மூட்டை ஒன்று கிடைத்துள்ளது" என்று மட்டும் பறைசாற்றச் செய்தார். நிறமும் சொல்லவில்லை, உள்ளிருப்பதும் சொல்லவில்லை.

இருவர் வந்தனர், என்ன இருந்தது என்ற வினாவிலேயே திரும்பினர். நான்காம் நாள் முதியவர் ஒருவர் வந்தார். அவர் பணத்தைப் பற்றி முதலில் பேசவேயில்லை. "சாதகம் இருக்கிறதா, சாமி?" என்றார். பணம் எங்கே என்று ஆசிரியர் கேட்டார். துண்டின் முனையில், இரட்டை முடிச்சு என்றார் அவர். மூட்டை அவர் கைக்குச் சென்றது. அவர் 5 ரூபாயை எடுத்து நீட்ட, "காத்ததில் மடத்துக்குச் செலவொன்றும் இல்லை, உண்டு செல்க" என்று ஆசிரியர் அவரைப் பந்தியில் அமர்த்தினார். உடையவன் தன் பொருளின் உருவும் எண்ணிக்கையும் சொல்லிப் பெறல் வேண்டும் என்பதும், உரியவர் அறியப்படாத பொருளை அரசன் 3 ஆண்டு காத்துவைக்க வேண்டும் என்பதும் மனுநூலில் உள்ள விதிகள். ஆசிரியர் நூலை மேற்கோள் காட்டினாரல்லர், செய்து காட்டினார்.

திருப்பித் தரும் எண்ணத்தோடு எடுத்தவனும் வழுவுதல் கூடும். பணப்பை ஒருவன் கையினின்று விழக் கண்டு, கொடுக்கவே எடுத்தவன், பின்னர் மனம் மாறித் தனதாக்கிக்கொண்டால் குற்றவாளியே என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் 403-ஆம் பிரிவில் எடுத்துக்காட்டே தந்திருந்தது. அவ்விதி 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவாக விளங்குகின்றது. ஆறு நாள் பெட்டியில் உறங்கிய பொருள் ஏழாம் நாள் நம்முடையது போலத் தோன்றத் தொடங்கும். இல்லறத்தார் இதனை என்னினும் நன்கறிவர்.

இனி உண்டியலுக்கு வருவோம். உண்டியலில் விழுந்தது தெய்வத்தின் உடைமை, மீட்டுத் தருதற்கில்லை என்பது 1975-ஆம் ஆண்டு உண்டியல் விதிகளின்படி அறநிலையத் துறை கொண்டுள்ள நிலை. 2024 டிசம்பரில் திருப்போரூர்க் கந்தசுவாமி கோயிலில் ஓர் அன்பரின் கைப்பேசி தவறி உண்டியலில் விழுந்தபோதும் இவ்விதியே எடுத்துக்காட்டப்பட்டது. 2023-இல் பழனியில் கேரளத்து அம்மையார் ஒருவரின் தங்கச் சங்கிலி உண்டியலில் விழுந்துவிட்டது. கண்காணிப்புக் கருவியில் பார்த்துத் தவறி விழுந்ததே என்று உறுதிசெய்தனர். ஆயினும் உண்டியற் பொருளைத் தரவியலாமையின், அறங்காவலர் குழுத் தலைவர் தம் சொந்தச் செலவில் வேறு சங்கிலி வாங்கி அளித்தார். அவர் செயல் போற்றற்குரியது. விதியையும் யான் குறைகூறேன். கேட்டவர்க்கெல்லாம் உண்டியலைத் திறப்பதெனின் கோயிற் கணக்கு என்னாவது?

ஆனால், அன்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். தன் கையாலேயே தவறவிட்டவர்க்கே அப்பொருள் மீள்வது இத்துணை அரிதாயின், யாரோ எடுத்து யாரோ இட்ட மோதிரம் எவ்வாறு மீளும்? உடையவள் மறுநாள் அழுதுகொண்டு கோயில் அலுவலகத்துக்கு வருவாள். அலுவலர் கைவிரிப்பார். நல்லெண்ணத்தால் இட்டவர் அவளுக்கிருந்த ஒரே வாயிலை அடைத்துவிட்டார்.

இறைவனுக்கன்றோ தந்தோம் என்பீராயின், இறைவன் தன் உடைமையைக் கேட்டு வழக்காடிய வரலாறொன்று கூறுவேன். 1976-இல் திருவாரூரை அடுத்த பத்தூரில், மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர் நடராசப் பெருமானின் செப்புத் திருமேனியைக் கண்டெடுத்தார். 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் சட்டம். அவர் அறிவித்தாரில்லை, விற்றார். கைமாறிக் கைமாறிப் பெருமான் லண்டன் சென்றார். கனடா நாட்டு நிறுவனமொன்று 1982-இல் விலைகொடுத்து வாங்கியது. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது லண்டன் காவல்துறையினர் கைப்பற்றினர். நிறுவனம் வழக்கிட்டது.

எதிர்வழக்காடியவர் யார்? இந்திய அரசும் தமிழ்நாட்டரசும் மட்டுமல்ல. பாழடைந்து பூசையற்றுக் கிடந்த பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலே வழக்காடியது. அத்திருமேனி பத்தூருக்குரியது என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சான்று கூறினார். கூரை சரிந்த கோயிலுக்கும் உரிமையுண்டு, வழக்காடும் தகுதியுண்டு என்று ஆங்கில நீதிமன்றம் 1988-இல் ஏற்றது. மேல்முறையீடும் 1991-இல் தள்ளப்பட்டது. அவ்வாண்டே பெருமான் தாயகம் மீண்டார். விலைகொடுத்து வாங்கியவன் எனினும், உடையவன் வேறாயின் அவனுக்கே பொருள் என்று நாம் அங்கே வாதிட்டோம். இறைவன் பொருளை அயலான் வைத்துக்கொள்ளலாகாது என்று கடல் கடந்து சென்று வென்ற நாம், அயலான் பொருளை அவன் அறியாமலே இறைவன் கணக்கில் எழுதுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

அறங்காவலர் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மேலைக் கோபுர வாயிலருகே மேசையொன்று இட்டு, கண்டெடுத்த பொருளுக்கெனத் தனிப் பேரேடு வைத்தல் வேண்டும். கொடுத்தவர், பெற்றவர் இருவரும் ஒப்பமிடட்டும். கொடுத்தவர்க்குச் சீட்டும் தரப்படட்டும். ஒலிபெருக்கியில் அறிவிக்கும் இளைஞர்கள் "இரண்டு சவரன், பச்சைக்கல் பதித்தது" என்று அடையாளமெல்லாம் கூறிவிடாமல், "ஓர் ஆபரணம்" என்ற அளவில் நிறுத்துக. விலையுயர்ந்தவற்றைக் காவல்நிலையத்திலும் எழுதிவைத்தல் நன்று. வெளியூர் அன்பர் பலர் இன்றிரவே பேருந்து ஏறுவர். இழந்ததை ஊர் சென்றே உணர்வர். ஆதலின் மண்டலபூசை நிறைவுறும் 48 நாளும் அப்பேரேடு மூடப்படாதிருக்கட்டும்.