கணினி பார்க்கட்டும், கேள்வியை நாம் கேட்போம்



குழுக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் வேலை. "இனிமே கணக்கை கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு சொல்றாங்களே, அப்புறம் நமக்கு என்ன வேலை?" என்று அக்காக்கள் பலர் கேட்கிறீர்கள். அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கியது. அன்றைக்கு எல்லாமே நோட்டுதான். 2015-ல் நபார்டு வங்கி 'இ-சக்தி' திட்டத்தில் குழுக் கணக்குகளைக் கணினியில் ஏற்ற ஆரம்பித்தது. நம் சேமிப்பு, கடன் விவரம் நம் செல்போனுக்கே குறுஞ்செய்தியாக வரும் ஏற்பாடும் அதில் இருந்தது. இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்துக்கு 'லோக்ஓஎஸ்' செயலி இருக்கிறது.

கணினி இரண்டு விதமாகத் தணிக்கைக்கு உதவும். ஒன்று, நாம் சொல்லிக் கொடுத்த விதிப்படி சரிபார்ப்பது. 15 பேர் தலைக்கு 200 ரூபாய் கட்டினால் 3,000 வர வேண்டும். 2,800 என்று எழுதியிருந்தால் உடனே காட்டிவிடும். இன்னொன்று, பழைய கணக்குகளைப் பார்த்துத் தானே பழகிக்கொள்வது. இதற்கு இயந்திரக் கற்றல் என்று பெயர். வழக்கத்துக்கு மாறாக ஒரு வரவோ செலவோ வந்தால், "இதைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லும். 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்த 'மியூல்ஹன்டர்' இந்த வகைதான். மோசடிப் பணத்தைக் கைமாற்ற அடுத்தவர் பெயரில் ஓட்டும் வங்கிக் கணக்குகளை அது தேடிப் பிடிக்கிறது. அதனால் உங்கள் பாஸ் புத்தகத்தையும் ஏடிஎம் கார்டையும் யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

நம்ம நெய்வேலிச் சுரங்கத்தில் நிலத்தடி நீரை வருஷத்துக்கு ஒரு தடவையா இறைக்கிறார்கள்? இராப்பகலாக மோட்டார் ஓடுகிறது. கணக்கும் அப்படித்தான். மார்ச் முடிந்து தேடினால் மாதக்கணக்கில் சேர்ந்த தப்பு மலையாக நிற்கும். அந்தந்தக் கூட்டத்திலேயே பார்த்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கணினி சிவப்புக் குறி போட்டால், உடனே எழுதினவரைத் திருடி என்று நினைக்கக் கூடாது. ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக ஐந்தாறு பேர் சேர்ந்து சங்கக் கடன் வாங்கியிருப்பார்கள். அது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. 5,400 என்பதை 4,500 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம். வித்தியாசம் 900. இப்படி அடுத்தடுத்த இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். கணக்கு உதைத்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒரு பெண்ணின் மானம் போன பிறகு "எழுத்துப் பிழைதான்" என்று சொல்லி என்ன பிரயோஜனம்?

இன்னொன்று. கையில் வாங்கி எங்கேயும் எழுதாமல் விட்ட பணத்தைச் செயலி தானாகக் கண்டுபிடிக்காது. பணம் கொடுத்த உறுப்பினர்தான் கேட்க வேண்டும். பஞ்ச சூத்திரத்தில் ஐந்தாவது, கணக்குப் புத்தகங்களை முறையாக எழுதுவது. செயலி வந்தாலும் அது மாறவில்லை.

ஆகவே மூன்று காரியம் செய்வோம். கூட்டம் கலைவதற்கு முன்பே வரவு செலவைச் சத்தமாக வாசிக்கச் சொல்வோம். பணம் கட்டின அன்றே பாஸ் புத்தகத்தில் பதிந்து வாங்குவோம். செயலியில் ஏறின தொகையும் பாஸ் புத்தகத் தொகையும் ஒன்றா என்று மாதாமாதம் ஒப்பிடுவோம். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பவர் படித்துக் காட்டட்டும்.

கேள்வி கேட்பது சண்டை இல்லை சகோதரிகளே, அது நம் உரிமை.