தெருவே முதல் துணை

(பீர்க்கன்கரணைத் தெருக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



2015 டிசம்பர் 1-ந் தேதியை நம்மில் யார் மறப்போம்? ஒரு பகல், ஓர் இரவில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை மீறிற்று. பக்கத்து முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் இல்லை, போன் இல்லை. அன்று நமக்குக் கை கொடுத்தவர் யார்? மாடி வீட்டார் கதவைத் திறந்தார்கள். மீனவத் தோழர்கள் படகோடு வந்தார்கள். வெளி மாவட்டத் துப்புரவுத் தொழிலாளர்கள் சேற்றை அள்ளினார்கள்.

இந்தத் துணையை மழை வந்தபின் தேடலாகாது. தெருதோறும் இன்றே கணக்கெடுப்போம்: நடக்க முடியாத முதியவர் எவர்? பிள்ளைத்தாய்ச்சி எவர்? எந்த மாடிக்கு ஏற்றுவது? யார் தூக்குவது?

அத்துடன், 2021 முதல் நம் ஊரும் சேர்ந்துள்ள தாம்பரம் மாநகராட்சியிடம், கால்வாய்களைத் தூர்வாரக் கேட்போம். அண்டை வீட்டார் உதவுவதால் அரசின் கடமை தீர்ந்துவிடாது!