பரிசோதனையில் விருப்பமில்லாதார் வீட்டில் விஞ்ஞானம்



குழந்தைகளுக்கு விஞ்ஞானத்தின் முதற் பாடங்களை வீட்டிலேயே கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் பெற்றோர் பலருக்கு உண்டு. ஆயினும் கண்ணாடிக் குழாய், காந்தம், கம்பி என்று சாமான்களைத் திரட்டிச் சோதனை செய்வதென்றால், இலக்கியமும் வரலாறும் பயின்ற நம்மில் பலருக்கு மனம் பின்வாங்குகின்றது. பாடநூலைக் கையில் கொடுத்து, ‘மனப்பாடம் செய்’ என்று சொல்லி ஒதுங்கிவிடுகின்றோம். விஞ்ஞானம் தேர்வுக்காக விழுங்கும் கசப்பு மருந்து என்று குழந்தையும் முடிவு கட்டிவிடுகின்றது. நம்முடைய வெறுப்பு, நாம் வாய் திறவாமலே அதற்குச் சொத்தாகப் போய்ச் சேர்கின்றது. இதற்கு மாற்று வழி உண்டா என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

விஞ்ஞானம் முழுவதும் சோதனைச்சாலையில் பிறந்ததன்று. வானநூலார் சந்திரனைப் பிடித்துவைத்துச் சோதித்தவரல்லர். பார்த்தனர், குறித்தனர், கணக்கிட்டனர். தாவரநூலின் பெரும்பகுதியும் அவ்வாறே வளர்ந்தது. கொச்சியிலேயே இதற்குச் சான்று உண்டு. டச்சுக் கம்பெனியின் மலபார் அதிகாரியாக இருந்த வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவரநூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்குத் துணை நின்றனர். செடியைப் பார்த்தல், வரைதல், பெயரைக் கேட்டு எழுதுதல், பயனை விசாரித்தல் ஆகியவையே அவர்களுடைய முறை. லத்தீனில் இருந்த அந்நூலைப் பேராசிரியர் மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. நூலிலுள்ள பெயர் எந்தச் செடியைக் குறிக்கின்றது என்றறிய அவர் பல ஆண்டுகள் செடிகளையே தேடி அலைந்தார். மொழியை நம்பி வாழ்வோர்க்கு இது தெம்பு தரும் செய்தி. ‘இது யாது? இதற்குச் சரியான சொல் எது?’ என்று வினவத் தெரிந்தவர் எவரும் விஞ்ஞானத்தின் வாயிலில் நிற்பவரே.

சுள்ளிக்கல்லில் வாழும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மட்டாஞ்சேரிப் படகுத்துறை அங்கிருந்து தொலைவில் இல்லை. பெரியவர் ஒருவர் துணையோடு குழந்தை அங்கே சென்று, காயல் நீர் கற்சுவரில் எவ்வளவு உயரம் ஏறியது, எத்தனை மணிக்கு ஏறியது என்று பத்து நாள் குறித்து வரட்டும். ஓதம் நாள்தோறும் இருமுறை ஏறுவதும், மறுநாள் சராசரியாக 50 நிமிடம் பிந்தி வருவதும் ஏட்டிலேயே புலப்படும். பூமி ஒருமுறை சுழன்று வருவதற்குள் சந்திரன் தன் பாதையில் சற்று முன்னே நகர்ந்துவிடுகின்றது. அதனை எட்டிப்பிடிக்கப் பூமிக்கு அந்த 50 நிமிடம் வேண்டியிருக்கின்றது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றம் மிகுவதை நாட்காட்டியோடு ஒப்பிட்டு அறியலாம். மேற்குக் கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் பேரோதக் காலத்தில் காயல் நீர் முற்றத்திலும், சில வீடுகளுக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. பாயையும் அரிசிப் பானையையும் எப்போது மேலே எடுத்துவைப்பது என்று சொல்லும் பாடம் இது.

கோட்டைக் கொச்சியின் சீனவலை மற்றொரு பள்ளி. அது பெரியதொரு நெம்புகோல். ஒருபுறம் வலை, மறுபுறம் கயிறுகளில் தொங்கும் கற்கள். ‘கற்களை அவிழ்த்துவிட்டால் இன்னும் எத்தனை பேர் இழுக்க வேண்டியிருக்கும்?’ என்று ஒரு கேள்வி கேட்டாற் போதும். எதிர்ப்பாரம் என்பதன் பொருளைக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.

எனினும், பார்வை மட்டுமே போதும் என்று சொல்வது முறையன்று. வேளியிலுள்ள தோபிகானாவில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் துணிகளைக் கயிறுகளில் உலர்த்துவதைக் காண்கின்றோம். துணி உலர்வது வெயிலாலா, காற்றாலா? அங்கே இரண்டும் ஒருங்கே இருத்தலால், எவ்வளவு நேரம் பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை. இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். ஒரே அளவான மூன்று கைக்குட்டைகளை ஒன்றுபோல் நனைத்துப் பிழிந்து, ஒன்றைக் காற்றில்லாத நிழலிலும், ஒன்றைக் காற்றடிக்கும் நிழலிலும், ஒன்றைக் காற்றில்லாத வெயிலிலும் குழந்தை தொங்கவிடட்டும். காற்று, வெயில் என்னும் இரண்டும் தனித்தனியே ஆற்றும் பணி விளங்கும். ஆனி மாத மழைக்காலத்தில் இதனையே மீண்டும் செய்தால், காற்று முன்னரே ஈரம் நிறைந்திருந்தால் உலர்த்தல் தாமதமாகும் என்பதும் தெரியவரும். இதுவும் பரிசோதனைதான்; ஆனால் செய்வது குழந்தை. நாம் கடிகாரத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்துக்கொண்டாற் போதும்.

நம் பங்கு மூன்று வினாக்கள்: என்ன கண்டாய்? எதனால் என்று நினைக்கின்றாய்? அந்நினைப்பு தவறானால் அதனை எவ்வாறு அறிவாய்? மூன்றாவதே உயிர்நாடி. அதற்கு விடை தேடும்போது சோதனை தானாக வந்து சேரும். குழந்தை நம்மைக் கேட்டு நமக்கு விடை தெரியாதபோது, ‘தெரியாது, சேர்ந்து பார்ப்போம்’ என்று சொல்லத் தயங்க வேண்டா. அச்சொல்லைக் கேட்டு வளரும் குழந்தை, விஞ்ஞானம் முடிந்துபோன பாடமன்று என்பதையும் உடன் கற்றுக்கொள்கின்றது.