தாலியும் சான்றிதழும்



மணமுறிவு, பராமரிப்பு, சொத்து, உயில் ஆகியவை வழக்கறிஞர்கள் பேச வேண்டிய பொருள்கள் அல்லவா, மொழி மன்றத்தின் மேடையில் அவற்றுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மக்களிடையே பொய்யும் பிழையும் தலைகாட்டிய பின்னரே மூத்தோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கற்பியலில் குறிக்கிறார். கொடுத்த சொல் மட்டும் போதாது என்றான காலத்தில் சடங்கு சான்றாக வந்தது. அந்தச் சடங்கும் போதாது என்றான காலம் நமக்கு எப்போது வந்தது? நாளையே குறிப்பிடலாம்: 1982ஆம் ஆண்டு மார்ச் 1.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதற்கு முன்னர் மரபுப்படி நடந்த திருமணம் செல்லும். பதிவு பெற்றதாகவே சட்டம் அதனைக் கருதும். அந்நாளுக்கு முன்னர் மரபுப்படி மணந்த இரண்டாம் தாரமும் சட்டத்தின் கண்ணில் மனைவியே. அதற்குப் பின்னர் ஒருவனுக்கு ஒருத்தி. திருமணம் பதிவதிகாரியின் முன்னிலையில் நிகழ வேண்டும். பிரிவதற்கும் நீதிமன்றமே வழி. ஊர்ப் பெரியவர்கள் கூடித் தீர்த்துவிடுவது 1982க்கு முன் மணந்தவர்களுக்கும் இனிச் செல்லாது.

சட்டம் மாறியது, தோட்டம் உடனே மாறவில்லை. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்களில் திருமணம் என்பது மாரியம்மன் கோயிலில் தாலி கட்டுவது. கிராணியாரும் தண்டலும் முன்வரிசையில் நிற்க, லயமே சாட்சியாக இருந்தது. இன்னார் மனைவி இன்னாள் என்பதைப் பிரட்டுக்களம் முழுவதும் அறியும். அறிந்ததை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் அன்று தோன்றவில்லை. பிறகு தோட்டங்கள் கைமாறின, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லயங்கள் இடிந்தன. மக்கள் புந்தோங்கிற்கும் சுங்கை சிப்புட்டிற்கும் ஈப்போவைச் சுற்றிய மலிவுவிலை வீடுகளுக்கும் பிரிந்து போயினர். தோட்டம் கலைந்தபோது வேலையும் வீடும் போனதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பல பெண்களின் திருமணச் சான்றும் அன்றே கலைந்தது என்பதை அவ்வளவாகப் பேசவில்லை.

1985இல் தோட்டத்துக் கோயிலில் மணந்த ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். முப்பது ஆண்டுகள் கணவனோடு மரம் சீவி, பால் சுமந்து, பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். கணவன் இறந்ததும் சொக்சோவின் பிழைத்திருப்போர் ஓய்வூதியத்திற்கும் வீட்டின் பெயர்மாற்றத்திற்கும் செல்கிறாள். முகப்பில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: திருமணச் சான்றிதழ். பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுவது உண்மையே. ஆயினும், சட்டம் விதித்த முறையில் நடக்காத சடங்கை அப்பிரிவு காக்குமா என்பதை வழக்காடித்தான் நிறுவ வேண்டும். கணவனை இழந்து நிற்பவளிடம் வழக்காடச் சொல்வது எளிது. அவளுக்கு அது எளிதன்று.

இதற்குத் தீர்வு கடினமானதும் அன்று. இருவரும் உயிரோடிருக்கும்போதே தேசியப் பதிவிலாகாவில் திருமணத்தைப் பதிந்துகொள்ளலாம். தலைநரைத்தவர்கள் கூச்சப்படுகிறார்கள், பேரப்பிள்ளை எடுத்த பிறகு என்ன கல்யாணம் என்று சிரிக்கிறார்கள். பெற்றோர் பின்னர் சட்டப்படி மணந்தால், முன்னர் பிறந்த பிள்ளைகளும் முறைப்படி பிறந்தோராகக் கொள்ளப்பட 1961ஆம் ஆண்டின் சட்டமொன்று வழி செய்கிறது. இது சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. விநியோகச் சட்டத்தில் பிள்ளை என்றால் முறைப்படி பிறந்த பிள்ளை, அல்லது சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை.

அந்த விநியோகச் சட்டம் 1958இல் வந்தது. உயில் எழுதாது மனைவி இறந்தால் கணவனுக்கு அவள் சொத்து முழுவதும், கணவன் இறந்தால் பிள்ளைகளுள்ள மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு என்று முன்பு இருந்தது. 1997இல் இந்த ஓரவஞ்சனை நீங்கியது. இன்று கணவனாயினும் மனைவியாயினும் எஞ்சியவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் இருந்தால் அவர்களுக்குக் கால், துணைக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி.

மணமுறிவுக்கு வருவோம். மணமான இரண்டு ஆண்டுகளுக்குள் பொதுவாக மனுச் செய்ய இயலாது. இருவரும் இசைந்தாலன்றி முதலில் சமரசக் குழுவின் முன் செல்ல வேண்டும். சொத்துப் பிரிவில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. ஒருவர் உழைப்பில் மட்டும் வாங்கிய சொத்தில் வாங்கியவருக்கே பெரும்பங்கு என்ற நிலை 2018 டிசம்பர் 15 முதல் இல்லை. வீட்டைப் பேணியதையும் பிள்ளை வளர்த்ததையும் மணவாழ்வின் நீளத்தையும் கருதி, சமமாகப் பிரிக்கும் நோக்கோடு நீதிமன்றம் முடிவு செய்யும். பிள்ளைகளின் பராமரிப்பும் பதினெட்டு வயதோடு நின்றுவிடாமல் மேற்படிப்பு முடியும்வரை நீளலாம்.

அதே திருத்தத்தில் இடம்பெறாது போன ஒன்று ஈப்போவுக்கு நெருக்கமானது. பாலர்பள்ளி ஆசிரியை இந்திராகாந்தி முத்துவின் கணவர் 2009இல் மதம் மாறி, தாய் அறியாமலே மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். கடைக்குட்டி அப்போது பதினொரு மாதக் கைக்குழந்தை. தந்தை அவளைத் தம்மோடு கொண்டு சென்றார். 2013இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அம்மதமாற்றத்தை ரத்து செய்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் பெற்றோர் இருவரின் இசைவும் தேவை என்று தீர்ப்பளித்தது. இதனையே சட்டமாக்கவிருந்த பிரிவை 2017இல் நாடாளுமன்றத்தில் மீட்டுக்கொண்டனர். தீர்ப்பு வந்த நாளிலும் அந்தக் கடைசி மகள் தாயின் கையில் இல்லை. தாள் இல்லாதவள் படும் பாடு ஒன்று. நீதிமன்றத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவள் படும் பாடு வேறொன்று.

இறுதியாக உயில். இது நேரடியாக ஆசிரியர்களின் வேலை. தோட்டத்தில் எதை எழுத வேண்டுமானாலும் மக்கள் வாத்தியாரைத்தானே தேடினார்கள்! எழுத்தில் இருக்க வேண்டும். எழுதுபவர் சாட்சிகள் இருவரும் ஒருசேர இருக்கும்போது கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவருடைய துணையோ சாட்சியானால் அவருக்கு எழுதியது செல்லாது. மறுமணம் பழைய உயிலை ரத்தாக்கும், மணமுறிவு ரத்தாக்காது. பிரிந்து சென்ற மனைவிக்கே வீடு என்று பழைய உயில் கூறினால் கூறியதுதான்.

உயிலைத் தமிழிலும் எழுதலாம்; வழக்குமன்றம் செல்லும்போது மொழிபெயர்ப்பை இணைத்தல் வேண்டும். இங்கேதான் மொழியறிந்தோருக்குப் பொறுப்பு. ‘மருமகன்’ மகளின் கணவனா, உடன்பிறந்தாள் மகனா? ‘சின்னம்மா’ தாயின் தங்கையா, தந்தையின் இளைய தாரமா? ‘பிள்ளைகளுக்கு’ என்று எழுதியவர் ஆண்மக்களை மட்டும் எண்ணினாரா, பெண்மக்களையும் சேர்த்தாரா? வீட்டில் ஐயமின்றி விளங்கும் இச்சொற்கள் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் இருபொருள் தருகின்றன. ஆகவே உயில் எழுதித் தருமாறு எவரேனும் உங்களிடம் வந்தால், உறவுமுறையோடு முழுப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கேட்டு எழுதுங்கள். கூடவே, திருமணச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.